வான் ஒளிப்படத்துக்கு முதல் மவுண்ட்: எந்த வரிசையில் வாங்குவது?

விண்மீன்களையும் நெபுலாக்களையும் படம்பிடிக்க விரும்பி முதல் கருவியை வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர், தொலைநோக்கியை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதைத் தாங்கி, விண்மீனைப் பின்தொடர்ந்து திரும்பும் அமைப்பான மவுண்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். கண்ணால் பார்ப்பதற்கு இந்த வரிசை பொருந்தலாம். படம்பிடிப்பதற்கு இது தலைகீழானது. நானும் 150 மி.மீ. விட்டமுள்ள நியூட்டன் வகைத் தொலைநோக்கியை (ஆடியால் ஒளியைக் குவிக்கும் நீண்ட குழாய்) இலேசான ஒரு மவுண்ட்டின் மேல் ஏற்றி ஒரு பருவம் முழுவதும் முயன்றேன். 30 நொடி எக்ஸ்போஷர் (அத்தனை நொடி ஒளியைச் சேர்த்து எடுக்கும் படம்) பத்து எடுத்தால் ஏழில் விண்மீன்கள் அரிசிமணிபோல் நீண்டிருந்தன. அதே மவுண்ட்டில், அதே கேமராவோடு, தொலைநோக்கியைக் கழற்றிவிட்டு 135 மி.மீ. லென்ஸைப் பொருத்திய இரவில்தான் ஓரியன் நெபுலாவின் இறகு போன்ற ஓரங்கள் முதன்முதலாகப் படத்தில் விழுந்தன. கேமராவில் தொடங்கி, குவியத்தூரத்தையும் (135 மி.மீ. லென்ஸ் என்பதில் வரும் எண்; அது கூடக் கூட வானம் பெரிதாகத் தெரியும்) எடையையும் கணக்கிட்டு, அதன் பிறகே மவுண்ட்டையும் மற்றவற்றையும் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு?

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 நொடி ஆகிறது. இதனால் வான நடுவரைக்கு அருகிலுள்ள விண்மீன் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 15 விகலை நகர்கிறது. (ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை.) இந்த நகர்வை ஈடுசெய்வதே மவுண்ட்டின் வேலை. அந்த வேலையை எவ்வளவு துல்லியமாகச் செய்ய வேண்டும் என்பதை உங்கள் கேமராவும் லென்ஸும்தான் தீர்மானிக்கின்றன.

கணக்கு எளிது. கேமரா பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்துக்கொண்டு, 206 ஆல் பெருக்கி, குவியத்தூரத்தால் (மி.மீ.) வகுத்தால், ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை விகலையை அடைக்கிறது என்பது கிடைக்கும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராக்கள் பலவற்றில் பிக்சல் அளவு 3.7 மைக்ரானுக்கு அருகில் இருக்கிறது. அதில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் ஒரு பிக்சலுக்கு 15 விகலை, 135 மி.மீ. லென்ஸில் 5.6, 360 மி.மீ. சிறு தொலைநோக்கியில் 2.1, 750 மி.மீ. நியூட்டனில் ஏறத்தாழ 1.

எந்த மவுண்ட்டும் பிழையற்றது அல்ல. அதன் உள்ளே அச்சைச் சுழற்றும் திருகு வடிவப் பற்சக்கரமான வார்ம் கியர் ஒருமுறை சுழன்று முடிப்பதற்குள் விண்மீன் சற்று முன்னும் பின்னும் ஊசலாடும். இதற்குப் பீரியாடிக் எரர் என்று பெயர். ஸ்கை-வாட்சர் நிறுவனத்தின் ஹெச்இக்யூ5 மவுண்ட்டில் அந்தச் சுற்று 10 நிமிடம் 38 நொடி. ஊசலாட்டத்தின் மொத்த அகலம் 40 விகலை என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. லென்ஸில் அது மூன்று பிக்சலுக்கும் குறைவு. அதுவும் பத்து நிமிடத்தில் பரவியிருப்பதால் ஒரு நிமிட எக்ஸ்போஷரில் கண்ணுக்கே தெரியாது. 750 மி.மீ. தொலைநோக்கியில் அதே ஊசலாட்டம் நாற்பது பிக்சல். மவுண்ட் மாறவில்லை, அதனிடம் நாம் கேட்கும் துல்லியம் பதினைந்து மடங்கு கூடிவிட்டது. என் முதல் பருவம் வீணானதற்கும் காரணம் இதுவே.

ஆகவே புதியவர்களுக்கு என் பரிந்துரை, முதல் ஆண்டில் 135 மி.மீ. முதல் 400 மி.மீ. வரையான குவியத்தூரத்துக்குள் நின்றுகொள்வது. பெரிய நெபுலாக்கள், கார்த்திகை விண்மீன் கூட்டம், ஆண்ட்ரோமிடா விண்மீன் மண்டலம் எல்லாம் இந்த அளவுக்குள் அழகாக அடங்கும். கோள்களைப் படம்பிடிப்பது வேறொரு கலை. அதற்கு நீண்ட குவியத்தூரமும், மிகச் சிறிய எக்ஸ்போஷர்களாக எடுக்கும் வீடியோவும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே கருவி போதும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இரண்டிலும் நிறைவடைவதில்லை.

இரண்டாம் படி: எடையை உண்மையாகவே நிறுத்துப் பாருங்கள்

மவுண்ட் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சுமைத்திறன் பெரும்பாலும் கண்ணால் பார்ப்பவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. படம்பிடிப்பவர்கள் அதில் பாதியையே தங்கள் எல்லையாகக் கொள்வது இத்துறையில் நெடுநாளைய வழக்கம். சமநிலைக்காக மறுபக்கத்தில் மாட்டும் எதிர் எடைகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கேமரா, வளையங்கள், இணைப்புத் தகடு, கைடு ஸ்கோப் (பின்தொடர்தலைத் திருத்த உதவும் சிறு தொலைநோக்கி), ஈரம் தடுக்கும் ஹீட்டர், கேபிள்கள் ஆகிய அனைத்தையும் சேர்க்க வேண்டும். வீட்டுச் சமையலறைத் தராசிலேயே ஒவ்வொன்றாக நிறுத்து எழுதிக்கொள்ளலாம். 60 மி.மீ. விட்டமுள்ள சிறு ரிஃப்ராக்டர் (லென்ஸால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி) ஒன்றைக் கேமராவோடும் கைடு ஸ்கோப்போடும் சேர்த்து நிறுத்தால், மொத்தம் 3 கிலோவுக்கு அருகில் வருவது வழக்கம். 135 மி.மீ. லென்ஸும் கேமராவும் சேர்ந்தால் 2 கிலோவைத் தாண்டாது.

எடையைப் போலவே நீளமும் முக்கியம். 5 கிலோ எடையுள்ள நீண்ட நியூட்டன் குழாய், அதே எடையுள்ள குட்டையான ரிஃப்ராக்டரைவிடக் காற்றில் பலமடங்கு ஆடும். கடற்கரை மாவட்டங்களில் மாலைக்குப் பின் வீசும் கடற்காற்றில் படம்பிடிக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

கடையிலோ நண்பர் வீட்டிலோ மவுண்ட்டைப் பார்க்கும்போது ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். உங்கள் கருவி முழுவதையும் ஏற்றி, பிரகாசமான ஒரு விண்மீனைக் கேமராவின் லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு, முக்காலியின் ஒரு காலை விரலால் மெல்லத் தட்டுங்கள். திரையில் விண்மீன் ஒரு கோடாக நீண்டு, துடித்து, மெல்ல மெல்ல மீண்டும் புள்ளியாக அடங்கும். இரண்டு நொடிக்குள் அடங்கிவிட்டால் நல்ல முக்காலி. ஐந்து நொடிக்கு மேலும் துடித்துக்கொண்டிருந்தால் மவுண்ட்டின் பெயர் எதுவானாலும் அந்தச் சுமைக்கு அது போதாது. முக்காலியின் கால்களை முழுமையாக இழுக்காமல் குட்டையாக வைத்தாலே இந்தத் துடிப்பு வெகுவாகக் குறையும்.

மூன்றாம் படி: மவுண்ட்டைத் தேர்ந்தெடுத்தல்

ஆல்ட்-அசிமுத் வகை மவுண்ட் மேலும் கீழும், இடமும் வலமும் நகர்ந்து விண்மீனைப் பின்தொடரும். விண்மீன் நடுவிலேயே நிற்கும். ஆனால் படச்சட்டம் விண்மீன்களோடு சேர்ந்து திரும்பாததால் ஓரத்து விண்மீன்கள் வில்லாக வளையும். நம் தலைக்கு மேலே உச்சி வானத்தை நெருங்கும் இலக்குகளில் இந்தச் சுழற்சி மிக வேகமாக நிகழும். சில நொடி எக்ஸ்போஷர்கள் பலவற்றை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய குறை அல்ல. நீண்ட எக்ஸ்போஷர் வேண்டுமானால் பூமியின் அச்சுக்கு இணையாக ஓர் அச்சை நிறுத்தி, அதை மட்டும் சுழற்றும் ஈக்வடோரியல் மவுண்ட்டே வழி.

லென்ஸோடு தொடங்குகிறவர்களுக்கு ஸ்டார் டிராக்கர் எனப்படும் சிறிய ஈக்வடோரியல் மவுண்ட் போதுமானது. ஸ்கை-வாட்சரின் ஸ்டார் அட்வென்ச்சரர் 2i, ஐஆப்ட்ரானின் ஸ்கைகைடர் புரோ ஆகியவற்றின் சுமைத்திறன் 5 கிலோ. ஓர் அச்சில் மட்டும் இயங்குபவை, ஒரு தோள்பையில் அடங்குபவை. ஸ்டார் அட்வென்ச்சரர் ஜிடிஐ என்பதற்கும் அதே 5 கிலோதான் என்றாலும், இரண்டு அச்சிலும் மோட்டார் இருப்பதால் இலக்கைத் தானே தேடிச் சென்று நிற்கும். மங்கலான நெபுலாவைக் கண்ணால் தேடிப் பிடிப்பது நகரத்து வானத்தில் எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவர்கள், இந்த வசதிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை வீண் என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்த நிலையில் ஹெச்இக்யூ5 வருகிறது; 13 கிலோ சுமைத்திறன் கொண்டது. 80 மி.மீ. ரிஃப்ராக்டரை எந்தக் கவலையுமின்றி ஏற்றலாம். இக்யூ6-ஆர் 20 கிலோ தாங்கும். ஆனால் அதன் தலை மட்டுமே 17 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. மூன்றாம் மாடிக்கு மேல் மொட்டைமாடி இருந்து, லிஃப்ட் இல்லாத கட்டிடமாகவும் இருந்தால், மாதத்தில் எத்தனை இரவு அதைத் தூக்கிச் செல்வீர்கள் என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள். வளையும் மெல்லிய பற்சக்கரத்தால் இயங்கும் ஸ்ட்ரெயின் வேவ் வகைக் கியர்களைக் கொண்ட இசட்டபிள்யூஓ ஏஎம்5 போன்றவை 5.5 கிலோ தலையோடு, எதிர் எடையே இல்லாமல் 13 கிலோ தாங்குகின்றன. எடை குறைவது பெரிய வரம்தான். ஆனால் இவ்வகையின் பீரியாடிக் எரர் அதிகம் என்பதால் கைடிங் (ஒரு விண்மீனைக் கண்காணித்து மவுண்ட்டைத் தொடர்ந்து திருத்துவது) இல்லாமல் இவற்றைப் பயன்படுத்த முடியாது. அதற்கான செலவையும் சேர்த்தே விலையை ஒப்பிட வேண்டும்.

மொத்தப் பணத்தில் பாதியை மவுண்ட்டுக்கு ஒதுக்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. நல்ல மவுண்ட்டின் மேல் சாதாரண லென்ஸ் நல்ல படம் தரும். பலவீனமான மவுண்ட்டின் மேல் எந்த லென்ஸும் தராது.

நம் அட்சரேகை என்ற சிக்கல்

இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனத்தில் வைத்து எழுதப்படும் வழிகாட்டிகளில் இது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது ஏறத்தாழ நம் அட்சரேகைக்குச் சமம். சென்னையில் 13 பாகை, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஏறத்தாழ 10, நாகர்கோவிலில் 8. ஈக்வடோரியல் மவுண்ட்டின் அச்சும் அதே சாய்வில், அதாவது கிட்டத்தட்டப் படுத்த நிலையில், வடக்கு நோக்கி நிற்க வேண்டும்.

பல மவுண்ட்களை 10 பாகைக்குக் கீழே இறக்க முடியாது. இறக்க முடிந்தவற்றிலும் எதிர் எடைத் தண்டு சுழலும்போது முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கலாம். தென் மாவட்டம் ஒன்றில் நண்பரோடு படம்பிடித்துக்கொண்டிருந்தபோது, நள்ளிரவில் மோட்டார் முனகும் சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தோம். எதிர் எடை காலில் முட்டி நின்றிருந்தது. அதற்குப் பின் எடுத்த படங்கள் அனைத்திலும் விண்மீன்கள் கோடுகளாக இருந்தன. முக்காலிக்கும் மவுண்ட் தலைக்கும் நடுவே சிறிய நீட்டிப்புத் தூண் ஒன்றைப் பொருத்திய பிறகு அந்தத் தொல்லை நீங்கியது. ஆகவே வாங்குமுன் மவுண்ட்டின் குறைந்தபட்ச அட்சரேகை எவ்வளவு என்று கேளுங்கள். நீட்டிப்புத் தூண் கிடைக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சாய்வைச் சரிசெய்யும் திருகைச் சுமை ஏற்றும் முன்பே உங்கள் ஊர் அளவுக்கு அருகில் கொண்டுவந்துவிட வேண்டும். படுத்த அச்சின் மேல் முழுச் சுமையும் இருக்கும்போது அந்தத் திருகை வலிந்து திருப்பினால் அது வளைந்துவிடக்கூடும்.

பெரிய கருவிகளும் இதே சிக்கலைச் சந்தித்தவைதான். ஜவ்வாது மலையில் காவலூரிலுள்ள வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 இல் இயங்கத் தொடங்கியது. தாழ்ந்த அட்சரேகைக்குப் பொருந்துவதற்காகவே குதிரைலாட வடிவத் தாங்கியோடு அதன் ஈக்வடோரியல் மவுண்ட் அமைக்கப்பட்டது.

தாழ்ந்து நிற்கும் துருவ நட்சத்திரத்தைப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ தென்னையோ அடிவானப் புகைமூட்டமோ மறைத்துவிடும். அப்போதும் மவுண்ட்டின் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக்கும் துருவச் சீரமைப்பைச் செய்ய முடியும். வானத்தின் மூன்று இடங்களைப் படமெடுத்து, அவற்றிலுள்ள விண்மீன்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லும் வசதி நினா என்ற இலவச மென்பொருளில் இருக்கிறது. அதற்குத் துருவ நட்சத்திரம் தெரியவே வேண்டாம். எவ்வளவு துல்லியம் தேவை என்பதற்கும் கணக்கு உண்டு. அச்சு 10 கலை விலகியிருந்தால், விண்மீன் நிமிடத்துக்கு அதிகபட்சம் 2.6 விகலை நகரும். 135 மி.மீ. லென்ஸில் ஒரு நிமிடத்துக்கு அது அரைப் பிக்சல்கூட இல்லை. குறுகிய குவியத்தூரத்தில் தொடங்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

தாழ்ந்த அட்சரேகை நமக்குத் தரும் பேறும் ஒன்று உண்டு. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஒருபோதும் உதிக்காத ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து, சென்னையில் தெற்கே 29 பாகை உயரம் வரை ஏறுகிறது. கரீனா நெபுலா 17 பாகை வரை ஏறுகிறது. அகத்திய விண்மீனைத் தெளிவாகப் பார்க்க முடிகிற மொட்டைமாடியிலிருந்து இவற்றையும் படம்பிடிக்கலாம். தெற்கு வானம் மறைக்கப்படாத இடத்தைத் தேர்ந்தெடுப்பது, மவுண்ட்டைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமமான முடிவு.

தொலைநோக்கியும் கேமராவும்

மவுண்ட் முடிவான பிறகு இவை எளிதாகிவிடுகின்றன. லென்ஸில் சில மாதங்கள் பழகியவர்கள் 60 முதல் 80 மி.மீ. விட்டமுள்ள, நிறங்கள் சிதறுவதைக் குறைக்கும் ஈடி கண்ணாடியால் ஆன ரிஃப்ராக்டரை வாங்கலாம். சாதாரணக் கண்ணாடியாலான ரிஃப்ராக்டரில் பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி ஊதா வளையம் விழும். ஓரத்து விண்மீன்கள் நீளாமலிருக்க ஃபீல்டு ஃப்ளாட்னர் என்ற கூடுதல் லென்ஸும் வேண்டும். அதன் விலையையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

கையிலுள்ள டிஎஸ்எல்ஆர் கேமராவே தொடக்கத்துக்குப் போதும். ஹைட்ரஜன் நெபுலாக்களின் சிவப்பு ஒளி 656 நானோமீட்டரில் வருகிறது; சாதாரணக் கேமராவின் உள்வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதனால் ரோசெட் நெபுலா போன்றவை மங்கலாகவே பதியும். ஓரியன், கார்த்திகை, ஆண்ட்ரோமிடா ஆகியவற்றுக்கு அந்தக் குறை அவ்வளவாக உறைக்காது. அடுத்து வாங்குவதானால் குளிரூட்டும் வசதியுள்ள வானியல் கேமராவைப் பரிந்துரைப்பேன். சென்சாரின் வெப்ப இரைச்சல் ஏறத்தாழ ஒவ்வொரு 6 பாகை செல்சியஸுக்கும் இரட்டிப்பாகிறது. இரவிலும் 26, 28 பாகை நிலவும் நம் ஊரில், குளிர்நாட்டவர்களைவிட நமக்கே குளிரூட்டல் அதிகம் பயன்படும்.

நகரத்துக்குள்ளிருந்து படம்பிடிக்கிறவர்கள் ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும் இரட்டைக் குறும்பட்டை வடிகட்டியை வாங்கினால், ஒளிரும் நெபுலாக்களை வியக்கத்தக்க அளவு மீட்கலாம். விண்மீன் மண்டலங்களுக்கு அது உதவாது. அவற்றுக்கு இருண்ட ஊர்ப்புறத்துக்குப் பயணம் செய்வதே மருந்து.

கைடிங், மின்சாரம், ஈரம்

200 மி.மீ. குவியத்தூரம் வரை கைடிங் இல்லாமல் தொடங்கலாம். அதற்கு மேல் செல்லும்போது 30 மி.மீ. கைடு ஸ்கோப் ஒன்றும் சிறிய கைடு கேமரா ஒன்றும் தேவைப்படும். கைடு கேமரா ஒரு விண்மீனைக் கண்காணிக்க, பிஹெச்டி2 என்ற இலவச மென்பொருள் அது நகரும் ஒவ்வொரு முறையும் மவுண்ட்டுக்குத் திருத்தம் அனுப்பும். அது காட்டும் மொத்தப் பிழை எண், முதல் படியில் கணக்கிட்ட பிக்சல் அளவைவிடக் குறைவாக இருந்தால் விண்மீன்கள் வட்டமாக இருக்கும். 2 விகலைப் பிக்சலுக்கு 1 விகலைப் பிழை மிக நன்று. அதற்கும் கீழே கொண்டுவர இரவைச் செலவிட வேண்டாம்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, குளிரூட்டாத கேமரா உள்ள தொகுப்பை ஓரிரவு தாங்கும். கேமராவுக்கு அதிலிருந்தே மின்சாரம் தரும் டம்மி பேட்டரியையும் வாங்குங்கள். நள்ளிரவில் பேட்டரியை மாற்றும்போது கை பட்டு இலக்கும் குவியமும் நகர்ந்துவிடும்.

ஈரத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். லென்ஸின் கண்ணாடி வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதால் அதன் மேல் நீர் படியும். படங்கள் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டு வருவது முதலில் மேகம் போலவே தோன்றும். டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் கண்ணாடி முழுவதும் நுண்ணிய வெண்படலம் தெரியும். லென்ஸின் முனையில் சுற்றும் டியூ ஹீட்டர் பட்டையை முதல் எக்ஸ்போஷருக்கு முன்பே இயக்கிவிட வேண்டும். நீர் படிந்த பிறகு அதைத் துணியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழக்கூடும்.

முதல் இரவு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரை, அமாவாசையை ஒட்டிய இரவொன்றைத் தேர்ந்தெடுங்கள். மொட்டைமாடித் தளம் பகலில் உண்ட வெயிலை இரவு ஒன்பது, பத்து மணி வரை உமிழும். அந்த வெப்பக் காற்றில் விண்மீன்கள் நடுங்கும். மாலையிலேயே தளத்தில் தண்ணீர் ஊற்றி ஆறவிடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே முக்காலியை மட்டம் பார்த்து நிறுத்தி, இரண்டு அச்சையும் சமநிலைப்படுத்தி, எதிர் எடை எங்கும் முட்டாமல் சுழல்கிறதா என்று கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

இருட்டியதும் முதலில் குவியம். ரஷ்ய வானியல் ஆர்வலர் பாவெல் பாஹ்தினோவ் வடிவமைத்த, கோடு கோடாக வெட்டப்பட்ட மாஸ்க்கை லென்ஸின் முன் வைத்து, பிரகாசமான விண்மீனைப் பாருங்கள். பெருக்கல் குறிபோல் இரண்டு கதிர்களும், நடுவே மூன்றாவது கதிர் ஒன்றும் தெரியும். நடுக்கதிர் சரியாகக் குறுக்குப்புள்ளி வழியே செல்லும்வரை குவிய வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். பிறகு மாஸ்க்கை எடுக்க மறக்காதீர்கள். அடுத்து துருவச் சீரமைப்பு, அதன்பின் இலக்கு. ஓரியன் நெபுலா உயர ஏறுவதாலும் பிரகாசமானதாலும் அதிலேயே தொடங்கலாம்.

30 நொடி எக்ஸ்போஷர் ஐந்து எடுத்து, திரையில் முழுமையாகப் பெரிதாக்கி, மூலைகளிலுள்ள விண்மீன்களைப் பாருங்கள். ஐந்திலும் வட்டமாக இருந்தால் 60 நொடிக்குச் செல்லுங்கள். இரண்டு மூன்றில் நீண்டிருந்தால் நேரத்தைக் குறையுங்கள். குறுகிய எக்ஸ்போஷர்கள் நிறைய இருந்தாலும் அடுக்கும்போது அவை ஒன்றுசேரும்; மொத்த நேரம் நான்கு மடங்கானால் படத்தின் தெளிவு இரண்டு மடங்காகும். முதல் இரவில் ஒரே இலக்கில் இரண்டு மணி நேரத்தையாவது சேர்க்கப் பாருங்கள். முடிந்ததும், சென்சாரின் இரைச்சலைக் கழிக்க லென்ஸை மூடி அதே வெப்பநிலையில், அதே எக்ஸ்போஷர் நேரத்தில் 20 டார்க் படங்களும், ஓரத்து மங்கலையும் தூசியின் நிழலையும் சரிசெய்ய வெள்ளைத் துணியை லென்ஸின் மேல் இறுகக் கட்டி, வெளுத்துவரும் வானத்தை நோக்கித் திருப்பி 20 ஃப்ளாட் படங்களும் எடுங்கள். இவற்றையெல்லாம் அடுக்க சிரில் என்ற இலவச மென்பொருள் போதும்.

கருவிகளைப் பெட்டிக்குள் வைக்கும் முன் லென்ஸின் மூடியைத் திறந்தே வைத்து, வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் உலரவிடுங்கள். ஈரத்தோடு மூடிய கண்ணாடியில் சில வாரங்களிலேயே பூஞ்சை படரும். சிலந்திவலை போன்ற அந்தப் படலம் ஒருமுறை வேர்விட்டால் லென்ஸின் மேற்பூச்சையே அரித்துவிடும். உலர்ந்த பிறகு காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் வகையை வாங்கினால், அதை எப்போது வாணலியில் வறுத்து ஈரம் போக்க வேண்டும் என்பது பார்த்தவுடனே தெரியும்.